ஐயர் வந்திருக்காவ

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சிஎஸ்ஐ குருவானவரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டுக்காரி ஐயரம்மா. தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு, இதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் போனால்தான் வம்பு.

நான் சாப்ளினாக, அதாவது நோயாளிகளைப் போய்ப் பார்க்கிற ஆஸ்பத்திரிக் குருவானவராக, சேர்ந்து இரண்டாவது வாரம். பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாமே. ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஒரு நர்ஸ் பிள்ளை கட்டில் கட்டிலாகப் போய், "ஐயர் வந்திருக்காவ, பாக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கட்டிலில் கல்லிடைக்குறிச்சிக்காரர். பக்கவாதம், பேச்சு நின்று பதினோரு நாள். அவருடைய மாமி 'ஐயர்' என்று கேட்டதும் பரபரவென்று ஸ்டூலைத் துடைத்து, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து வைத்து, தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றிருக்கிறார். திரையை விலக்கினால் நான் நிற்கிறேன். அரைக்கைச் சட்டை, கழுத்தில் பாதிரிக் காலர், கக்கத்தில் டைரி.

"நீங்களா ஐயர்?"

"ஆமாம்மா."

மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பதினோரு நாளில் மாமி சிரித்தது அன்றைக்குத்தான் என்று பக்கத்துக் கட்டில்காரர் பிறகு சொன்னார்.

மாமிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "எங்காத்து வாத்தியார் ஃபோன்ல சஹஸ்ரநாமம் சொல்றேன்னார். இவர் காதுல விழுந்தாப் போதும். ஆனா எனக்கு ஃபோனைப் பிடிச்சுண்டு நிக்க முடியலை, கை நடுங்கறது." நான் பிடித்துக்கொண்டேன். இருபது நிமிஷத்துக்கு மேல் போயிற்று. வலது கை ஓய்ந்து இடது கைக்கு மாற்றி, அதுவும் ஓய்ந்து தலையணை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் என்னைத் தனியே அழைத்து, "ஐயர் இதெல்லாம் செய்யலாமா?" என்று விசாரித்தார்கள். செய்தாகிவிட்டது, இனி என்ன செய்ய என்றேன்.

சாப்ளின் என்றால் என்ன வேலை என்று என் மச்சினன் உட்பட நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஜெபம் பண்ணுவது என்பது அவர்களே வைத்திருக்கும் பதில். ஜெபமும் உண்டு, கேட்டால். மற்றபடி பாதி நாள் ஐசியு வாசலில்தான். அங்கே பாய் விரித்து, டிபன் கேரியரைத் தலைமாட்டில் வைத்து, ஃபைலை மஞ்சப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். மைக்கில் பெயர் கூப்பிட்டால் போதும், அந்தப் பெயர் யாருடையதாக இருந்தாலும் எல்லாருக்கும் உயிர் ஒருமுறை போய் வரும். என்னை ஒருவர் ஃபாதர் என்பார், ஒருவர் சாமி என்பார். மேலப்பாளையத்து பாய் ஒருவர் கடைசிவரை 'சார்' என்றே கூப்பிட்டார். என் டைரியின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் சில எண்கள் இருக்கும்: யாசீன் ஓத வரும் ஹஜ்ரத், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் 'பூசுதல்' கொடுக்க வரும் கத்தோலிக்கச் சாமியார், கல்லிடைக்குறிச்சி வாத்தியாரும்தான். கத்தோலிக்கரிடம் அந்தப் பூசுதலைப் பற்றிக் கொஞ்சம் பதமாகப் பேச வேண்டும். 'நோயில் பூசுதல்' என்று பெயர் மாறி அரை நூற்றாண்டு ஆகியும் வயதானவர்களுக்கு அது இன்னும் 'அவஸ்தை பூசுதல்'தான். "அவஸ்தை குடுக்கவா வந்திருக்கீய?" என்று ஒரு தாத்தா எண்ணெய்ச் சிமிழைப் பார்த்ததுமே போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அது சாவுக்கு முந்தின சடங்கு என்றே அவர் மனதில் பதிந்துபோயிருந்தது.

நோயாளியின் தலையணைக்கு அடியில் பார்த்தால் நம்ம பழைய, பிரிக்காத திருநெல்வேலி மாவட்டத்து வரைபடமே இருக்கும். சங்கரன்கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம், பொட்டல்புதூர் தர்காவில் மந்திரித்த கயிறு, உவரி அந்தோணியார் கோயில் எண்ணெய். மூன்றும் ஒரே தலையணைக்கு அடியில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஐசியுவில் மண்ணும் எண்ணெயும் கூடாது என்று நர்ஸ்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கிருமி பயம், அவர்கள் மேல் தப்பில்லை. தூக்கிப் போட்டது தெரிந்த தாயின் முகம் எப்படி ஆகும் என்று பார்த்த பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சிறிய ஜிப் கவரில் போட்டு, வெளிப்பக்கம் ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் கட்டிவிடுவது. பதினோரு வருஷ வேலையில் என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான்.

இந்த வேலைக்குப் பயிற்சி உண்டு என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இருபது வருஷம் சபையில் பிரசங்கம் பண்ணியவனுக்கு என்ன பயிற்சி என்ற மிதப்பில்தான் போனேன். அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்று ஒரு போதகர், தாமே மனநோய் வந்து மருத்துவமனையில் கிடந்தவர். வெளியே வந்ததும், இறையியல் மாணவர்கள் புத்தகத்தை மட்டும் படித்தால் போதாது, துன்பப்படுகிற மனிதரையும் ஒரு ஏடுபோல வாசிக்கக் கற்க வேண்டும் என்று 1925-இல் மாசசூசெட்ஸில் ஒரு மனநல மருத்துவமனையில் பயிற்சி தொடங்கினார். அந்த மரபில் வந்த பயிற்சிதான். அதில் 'வெர்பாட்டிம்' என்று ஒரு சித்திரவதை உண்டு. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, அவர் சொன்னது, நாம் சொன்னது, நடுவில் இருந்த மௌனம் எல்லாவற்றையும் நாடகம்போல வரிவரியாக எழுதி, எட்டுப் பேர் முன்னால் வாசிக்க வேண்டும்.

என் முதல் வெர்பாட்டிம் ஒன்றரைப் பக்கம். வாசித்து முடித்ததும் பயிற்றுநர் அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து, "ஐயா, 'எல்லாம் சரியாயிடும்'னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, எண்ணுங்க" என்றார். ஐந்து. "அந்த ஆள் என்ன சொல்ல வந்தார்?" பார்த்தேன். ஐந்து முறையும் அவர் ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்திருக்கிறார். கடைசியில், "சரி, ஜெபிப்போமா?" என்று நான் கேட்டிருக்கிறேன். "இந்த ஜெபம் அவருக்கா, நீங்க எழுந்து போறதுக்கா?" என்றார் அந்த அம்மா. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிசிலி சாண்டர்ஸ் பற்றியும் அங்கேதான் கேள்விப்பட்டேன். முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர், அப்புறம் டாக்டர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, சாகிறவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கியவர். உடம்பு, மனசு, குடும்பக் கவலை, கடவுளோடு உள்ள வழக்கு எல்லாம் சேர்ந்ததுதான் சாகிறவரின் வலி, மார்ஃபின் அதில் ஒரு பங்கைத்தான் தீர்க்கும் என்றார். 'கடவுளோடு உள்ள வழக்கு' என்பது நான் போட்ட பெயர். அவர் இவ்வளவு வக்கீல்தனமாகச் சொல்லவில்லை.

அந்த வழக்கு எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும். "நான் என்ன பாவம் செஞ்சேன் ஐயரே?" இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் வித்தியாசமே இல்லை. நான் ஆரம்பத்தில், "நீங்க ஒரு பாவமும் செய்யலை" என்று உடனே மறுத்துவிடுவேன். பயிற்சிக்குப் பிறகு திருப்பிக் கேட்கப் பழகினேன்: "எதை நினைச்சுக் கேக்கிய?" பத்தில் ஆறு பேரிடம் பதில் இருக்கும். கேள்வி பொதுவாக இருந்தாலும் அவர்கள் மனதில் ஓடுவது குறிப்பான ஒரு நாள், குறிப்பான ஒரு ஆள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டமாக வந்து, அனுமதி கேட்காமல் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்து, 'விசுவாசம் இருந்தா எழுந்து நடப்பீங்க' என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுகிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுதினால் இந்தப் பதிவு முடியாது. எழுந்து நடக்காதவர் திங்கட்கிழமை காலையில் என்னிடம்தான் கேட்பார், எனக்கு விசுவாசம் போதலையா ஐயரே என்று.

இனி எழுதப்போவதுதான் எழுத உட்கார்ந்த காரணம். நடந்து ஆறேழு வருஷம் ஆகிறது. அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். ஊர் முக்கூடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றுகிற ஊருக்கு எங்கள் பக்கம் பஞ்சமா?

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சினைப்பையில் புற்று, வயிறு முழுக்கப் பரவி, நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பையன்கள். பெரியவன் என்னை லிஃப்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயரே, அம்மைக்கு வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம். நீங்க எதையும் சொல்லிராதீய. தெரிஞ்சா அன்னைக்கே போயிருவாவ." சரிப்பா என்றேன்.

கட்டிலுக்குப் போனேன். அந்த அம்மா பையன்கள் டீக்குப் போகட்டும் என்று காத்திருந்தது போலிருந்தது.

"ஐயரே, எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். பயலுவகிட்ட சொல்லிராதீய."

"எப்படித் தெரியும்?"

"வார்டு வாசல்ல போட்டிருக்குல்லா. நான் அறிவொளியில படிச்சவ. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும்னு பயலுவளுக்கு மறந்துபோச்சு."

தொண்ணூறுகளில் தெருவிளக்கடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்து அறிவொளி இயக்கத்தில் படித்த எழுத்து. கூட்டிப் படித்த சொற்களில் புற்றுநோயும் ஒன்றாகிவிட்டது.

சரிம்மா என்றேன் அவரிடமும். ஒரே ரகசியத்தை இரண்டு பக்கமும் பூட்டி, இரண்டு சாவியையும் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதில் எனக்குப் பெருமைகூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாரும் என்னை நம்புகிறார்கள் அல்லவா.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அந்தக் கேள்வி வந்தது, என்ன பாவம் செய்தேன் என்று. எதை நினைச்சுக் கேக்கிய என்றேன். ரொம்ப நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளைப் பற்றிச் சொன்னார். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அரைப் பவுன் மோதிரம் ஒன்று காணாமல் போயிருக்கிறது. புதுசாக வந்த மூத்த மருமகள் மேல் பழி. நாலு பேர் கேட்க ஏசி, அவள் பிறந்த வீட்டுக்குப் போய் ஆறு மாசம் கழித்துப் பிள்ளையோடு திரும்பி வந்தாள். வந்து கொஞ்ச நாளில் மோதிரம் பீடித் தூள் டப்பாவின் அடியில் கிடைத்தது. சுற்றும்போது கழற்றி வைத்தது, தூளுக்குள் விழுந்திருக்கிறது. கிடைத்தது என்று சொன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதனால் யாருக்கும் தெரியாமல் விற்றுவிட்டார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் ஐயரே."

"சொல்லுங்களேன். தினம் சாயங்காலம் வாராள்லா."

"இப்பப் போயி சொன்னா, சாவப்போறேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்லா. அவ மவன்கிட்ட சொல்லுவா. பயலுவ உடைஞ்சிருவானுவ."

எனக்குப் பதில் இல்லை. பதில் இல்லாத நேரத்தில் சும்மா இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன், சும்மா இருந்தேன். அன்றைக்குச் சும்மா இருந்தது தப்பு. 'நான் பையன்கிட்ட பேசட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கிளம்பும்போது, "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றார். ஏதோ தாலுகா ஆபீஸில் தெரிந்த ஆளிடம் சொல்லி வைக்கச் சொல்வது போல.

ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறி ஐசியுவுக்குப் போய்விட்டார். வாயில் குழாய். இரண்டு நாள் கழித்து டாக்டர் பையன்களை உட்காரவைத்து, இனி மெஷின்தான் என்று சொன்னார். பெரியவன் என்னிடம் வந்தான். "குழாயை எடுக்கச் சொன்னா நாங்க கொன்ன மாதிரி ஆவாதா? பாவம் இல்லியா?" நோய்தான் கொண்டுபோகிறது, நீ இல்லை என்றேன். பயனில்லாத உயிர்காப்புக் கருவியை விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே தீர்ப்பளித்திருந்தது. முன்கூட்டியே தன் விருப்பத்தை எழுதி வைக்கவும் வழி சொல்லியிருந்தது. ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்துவரை கேட்டதால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023-இல்தான் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்று சுலபமாக்கினார்கள். ஐசியு வாசலில் பாய் விரித்திருக்கிறவனுக்கு இது எதுவும் எட்டாது. அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது. வெளியே உயிர் போனால் உடம்பை நடைவாசல் தாண்டி உள்ளே எடுக்காத வீடுகள் இன்றும் உண்டு. மூச்சு வீட்டில்தான் போக வேண்டும்.

நானும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டேன். ஒரு நர்ஸ் தம்பி, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே வந்தான். சுலோசன முதலியார் பாலத்தில் வண்டி ஏறியதும் சின்னவன் குனிந்து, "அம்மா, ஆறு வருது" என்றான். கண் இமை அசைந்தது என்று அவன் சொன்னான். எனக்குத் தெரியவில்லை. மருமகள் கால்மாட்டில் உட்கார்ந்து மாமியாரின் பாதத்தைப் பிடித்தபடி வந்தாள். பேட்டை தாண்டியபோது பெரியவன் திடீரென்று வாய்விட்டு, "எம்மா, உனக்குக் கேன்சர்ம்மா, நாங்க சொல்லல்லம்மா, பொய் சொல்லிட்டோம்மா" என்று அழுதான். அதைக் கேட்கவேண்டியவரின் வாயில் குழாய். என் சட்டைப்பையில் சாவி.

வீட்டில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி எல்லாம் தெரிந்தவளாக முன்னால் நின்று, பஞ்சில் பால் நனைத்து உதட்டில் வைத்தாள். பேக்கை நிறுத்தி ஏழெட்டு நிமிஷம் இருக்கும்.

அதற்குப் பிறகு நான் லிஃப்ட் பக்கத்துச் சத்தியங்களை நிறுத்திவிட்டேன். இப்போது சொல்வது இவ்வளவுதான்: "நானா எதையும் சொல்ல மாட்டேன். ஆனா அவிய எங்கிட்ட நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னால, அவியளுக்கு என்ன தெரியும்னு நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்." சில வீட்டில் கோபப்பட்டு, நீங்க வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சில வீட்டில் கேட்டுப் பார்த்தார்கள். சுரண்டைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மகள் தயங்கித் தயங்கிக் கேட்டதும், "ரிப்போர்ட்டை அன்னைக்கே வாசிச்சிட்டேன், நீ எப்பக் கேப்பேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாராம். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேங்க் கணக்கு, எல்ஐசி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பட்டியல் போட்டார்களாம். மூன்று வாரம் வீட்டிலேயே இருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து நர்ஸம்மா வந்து முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டுப் போனார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது.

முக்கூடல் அம்மா போய் மூன்று மாசம் கழித்து ஒரு மத்தியானம் மருமகள் என் அறை வாசலில் வந்து நின்றாள். மகனுக்குத் தடுப்பூசி போட வந்தாளாம். உட்காரச் சொன்னேன். பிள்ளை என் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து விளையாடியது.

"ஐயரே, அத்தை உங்ககிட்ட நெறையப் பேசுவாவன்னு நர்ஸ் சொன்னாவ. என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாவளா?"

செத்தவர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லலாமா? எங்கள் பயிற்சியில் இதற்கு ஒரு மத்தியான நேரம் முழுக்க விவாதம் நடந்தது, முடிவு வரவில்லை. சொல்லச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை. சொல்லாதே என்றும் கேட்கவில்லை. நான் சொல்லிவிட்டேன். மோதிரம், தூள் டப்பா, விற்றது, ஒரு வார்த்தை கேட்க நினைத்தது, ஏன் கேட்கவில்லை என்பது, எல்லாம்.

அவள் அழவில்லை. பிள்ளையின் கையிலிருந்து ஸ்டேப்ளரை வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

"மோதிரம் கெடைச்சது எனக்குத் தெரியும் ஐயரே. அவிய டப்பாவைக் கொட்டி எடுத்து முந்தியில முடிஞ்சதை அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அவியளே சொல்லட்டும்னு இருந்தேன்."